ஊர் பேசி முடித்த தேர்தல்

கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே மந்தையில், அதாவது ஊர் கூடும் பொது இடத்தில், கூட்டம் போட்டுவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு யார் கூடுதலாகத் தொகை கேட்கிறாரோ அவரைப் போட்டியின்றி விட்டுவிடுவது, பணம் கோயில் திருப்பணிக்கு என்று பேச்சு. 'இது ஊர் வழக்கம், கவர்மெண்ட் இதில் தலையிட முடியாது' என்கிறார்கள். இது செல்லுமா, இந்தக் காலத்து அரசியலில் வழக்கத்துக்கு என்னதான் இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், 'ஒத்துவராதவர்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மாட்டோம் என்கிறார்கள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். தலைக்கட்டு வரி என்பது வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுக்கு வாங்கும் பணம்; அதை வாங்க மறுத்தால் அந்த வீட்டை ஊரிலிருந்து விலக்கி வைத்ததாக அர்த்தம். ஊரை மீறி ஒருவர் நிற்க முடியுமா, நின்றால் என்ன ஆகும்?

நான் ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, பி.டி.ஓ.வாக (வட்டார வளர்ச்சி அலுவலராக) ஓய்வு பெற்றவன். 1996 முதல் 2011 வரை நடந்த நான்கு உள்ளாட்சித் தேர்தல்களிலும் ஏதாவது ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை பார்த்ததெல்லாம் வைகைக்குத் தெற்கே உள்ள கண்மாய் ஊர்கள். கொங்குப் பக்கமோ டெல்டாவோ எனக்குப் பழக்கமில்லை, அங்கே நிலைமை வேறாக இருக்கலாம். வக்கீலும் இல்லை. தேர்தல் நடத்தியவன் என்ற அளவில் சட்டம் தெரியும், அவ்வளவுதான்.

சட்டம் சொல்வதில் குழப்பம் இல்லை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன் பிறகு ஊராட்சித் தலைவர் என்பது அரசியல் சட்டத்தின் கீழ் வரும் பதவி. கோயில் தர்மகர்த்தா மாதிரி ஊர் பார்த்து வைப்பது கிடையாது. லஞ்சம் என்றால் ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டமும் சரி, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும் சரி, 'தேர்தல் உரிமை' என்பதற்குள் போட்டியிடுவது, போட்டியிடாமல் இருப்பது, மனுவை வாபஸ் வாங்குவது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கின்றன. ஒருவரை விலக வைப்பதற்காகப் பணமோ வேறு ஆதாயமோ கொடுத்தால் அது லஞ்சம். அவருக்கே கொடுத்தாலும், அவர் சொல்லும் இன்னொருவருக்குக் கொடுத்தாலும் லஞ்சம்தான். பணம் கோயிலுக்குப் போகிறது என்பதால் மட்டும் இதிலிருந்து தப்பிவிட முடியாது. இன்னொன்று, இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்: ஒரு வேட்பாளரையோ வாக்காளரையோ 'தெய்வக் குத்தம் வரும்' என்று நம்ப வைத்து இணங்க வைப்பதும் முறையற்ற செல்வாக்கு என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிய வரி அது. எழுதியவனுக்கு நம் ஊர்க் கற்பூரச் சத்தியம் தெரிந்திருக்குமோ என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

ஆனால் உள்ளாட்சித் தேர்தல் விதிகளின்படி, ஒரே ஒரு செல்லத்தக்க மனு மிஞ்சினால் அவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அறிவித்தே ஆக வேண்டும். மற்றவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்க, மனு வாங்கும் மேஜையில் இருப்பவனுக்கு, அதாவது தேர்தல் நடத்தும் அலுவலருக்கு, அதிகாரம் இல்லை. தேர்தல் செல்லாது என்று சொல்ல வேண்டுமானால் முடிவுக்குப் பிறகு தேர்தல் மனு போட வேண்டும், சாட்சி வேண்டும். ஊரே கூடி எடுத்த முடிவுக்கு எதிராக ஊரிலிருந்து யார் கூண்டேறுவார்கள்?

ஒரு நாளைச் சொல்கிறேன். எந்த வருஷம், எந்த ஊர் என்பது வேண்டாம். வாபஸ் வாங்க மூன்று மணி வரை நேரம். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு டிராக்டர் ஒன்றிய அலுவலக வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஆறு பேர் வேட்பாளர்கள். முன்னால் வந்த பெரியவர் கையில் ஒரு நீள நோட்டு, தலைக்கட்டு நோட்டு. 'வாங்கய்யா' என்றேன். 'ஊர் பேசி முடிச்சாச்சு சார். யாரையும் கட்டாயப்படுத்தலை' என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. ஆறு பேர் நெற்றியிலும் ஒரே மாதிரி அப்பிய திருநீறு, வரும் வழியில் அய்யனார் கோயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். ஐந்து வாபஸ் படிவம், ஒரே பேனா, வரிசையாகக் கையெழுத்து. நான்காவது ஆள் கையெழுத்துப் போடும்போது பெரியவர் அவன் தோளில் கை வைத்திருந்தார். பாசமாகத்தான் வைத்திருந்த மாதிரி இருந்தது. அது பாசமா, வேறா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஏழாவதாக ஒரு மனு இருந்தது. கணவரை இழந்த ஒரு அம்மா. அவர் டிராக்டரில் வரவில்லை. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தனியாக, வேர்க்க விறுவிறுக்க வந்தார். படிவத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, 'இதுல கையெழுத்து போடலைன்னா என்ன சார் ஆகும்?' என்று கேட்டார். 'ஒண்ணும் ஆகாதும்மா, தேர்தல் நடக்கும்' என்றேன். 'உங்களுக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சரி, இது வழக்கம்தானா என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஏலம் என்பது நம் ஊர்களுக்குப் புதிதே இல்லை. கண்மாய் மீன்பாசி ஏலம், புளியமர ஏலம், கோயில் திருவிழா முடிந்ததும் எலுமிச்சம்பழ ஏலம் என்று ஊர்ப் பொதுக்குப் பணம் சேர்கிற வழியே அதுதான். அந்தப் பழக்கத்தில் பதவியையும் ஏலம் விடுவது ஊர்க்காரர்கள் கண்ணுக்கு ஒரு படி தள்ளிய விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நான் வேலை பார்த்த ஒன்றியங்களில், எழுபதுகளில், எண்பதுகளில் தலைவராக இருந்த பெரியவர்களிடம் கேட்டபோது ஒருவர்கூடத் தான் ஏலத்தில் எடுத்ததாகச் சொன்னதில்லை. அப்போது பெரிய வீட்டில் யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர்தான் தலைவர், ஏலத்துக்குத் தேவையே இருக்கவில்லை. ஏலப் பேச்சு என் காதில் விழ ஆரம்பித்தது 1996க்குப் பிறகுதான். அப்போதுதான் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. ஒன்று, திட்டப் பணம் ஊராட்சிக் கணக்குக்கு வர ஆரம்பித்தது. இரண்டு, சுழற்சி முறையில் பட்டியல் சமூகத்தாருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு. ஆகவே, நூறு வருஷ வழக்கம் என்று உங்கள் மந்தையில் சொல்கிற விஷயத்துக்கு என் கணக்கில் வயது முப்பதுக்குப் பக்கம். எல்லா ஊருக்கும் இதைப் பொதுவாகச் சொல்லிவிட முடியாதுதான், ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. உங்கள் ஊரில் முதன்முதலில் ஏலம் விட்டது எந்த வருஷம், எவ்வளவு தொகைக்கு என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

இது வழக்கமா, வியாபாரமா என்று கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. துணைத் தலைவர் பதவிக்கும் ஏலம் நடக்கிறதா பாருங்கள். 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்தபோது, எல்லோரும் 50 லட்சத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். என் கண் போனது அந்த 15 லட்சத்தின் மேல். துணைத் தலைவருக்கு ஊரில் என்ன மரியாதை? பரிவட்டம் கட்டுகிறார்களா, தேர் வடம் தொட்டுக் கொடுக்கிறாரா? ஒன்றும் இல்லை. ஆனால் ஊராட்சிக் கணக்கில் செக் போட வேண்டுமென்றால் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்துக்குத்தான் விலை. போட்ட பணத்தை ஐந்து வருஷத்தில் எடுத்தாக வேண்டும். எங்கே எடுப்பார்? குடிநீர் இணைப்பு, வீட்டு வரி ரசீது, பிளான் அப்ரூவல், தெருவிளக்கு பல்பு. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்த பணம் உங்கள் வீட்டுக் குழாய் வழியாகத்தான் திரும்பப் போகும்.

இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் உத்திரமேரூரை இழுக்காமல் இருக்க மாட்டார். 'குடவோலை கண்ட நாடுய்யா இது, ஊர் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது நம்ம மரபு' என்று ஒரு கூட்டத்தில் மைக் பிடித்தவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்பு (ஊரின் வட்டங்கள்), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்துவிடும். பாடத்தில் அழுத்திச் சொல்லாத பகுதிதான் முக்கியம். வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமா, அவனுடைய சிற்றன்னை மக்கள், மாமன், மைத்துனன் என்று நெருங்கிய உறவுக்காரர் பெயரும் கூடாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. பதவியைப் பணக்காரனுக்கு விற்பதை மரபு என்று சொல்ல வருகிறவர் இந்தக் கல்வெட்டைத் தொடாமல் இருப்பது அவருக்கே நல்லது. அதே சமயம் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் இதை ஜனநாயகம் என்று தூக்கிப் பிடிக்க முடியாது. வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமண ஊரின் சபை. ஏரி வெட்டிய ஆள் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

'ஊர்' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. ஊர் கூடியது, ஊர் முடிவெடுத்தது என்கிறோம். மந்தையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள், யாருக்குத் தகவலே போகவில்லை என்று பாருங்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் 1996இல் பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைத்து உட்காரவில்லை. மனுவே வராது. வந்தால் ஊர் நிறுத்திய ஆளாக இருப்பார், ஜெயித்து, பதவி ஏற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவார். அந்த ராஜினாமாவும் 'ஊர்க்கட்டுப்பாடு'தான். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து நான்கு பேரும் பதவியில் நிலைத்தார்கள். மேலூர் பக்கம் மேலவளவில் நடந்ததைச் சொல்லவே கை கூசுகிறது. ஒதுக்கீட்டில் ஜெயித்த தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்தச் சமயத்தில் அந்த வட்டாரத்து ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு 'ஊர் வழக்கம்' என்ற சொல்லைச் சாதாரணமாகக் கேட்டதில்லை. நானும்தான்.

அப்படியென்றால் வழக்கம் என்பதையே தூக்கிப் போட்டுவிடலாமா? அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அப்படித்தான் பேசினார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் அடைந்து கிடக்கும் இடம் என்ற பொருளில் சொன்னார். பிறகுதான் கிராமப் பஞ்சாயத்து பற்றிய 40ஆவது பிரிவு சேர்ந்தது. அவர் சொன்னதன் நியாயம் எனக்கு மேலவளவில் புரிந்தது. ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ள என் வேலையே விடவில்லை. கண்மாயில் தண்ணீர் அரைக் கொள்ளளவு இருக்கும் வருஷம் எந்த மடை எத்தனை நாழிகை திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் நீர்க்கட்டி. ஊரே அவருக்கு நெல் அளந்து கொடுக்கும். கடைமடைக்காரன் வயல் காயாமல் அவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் துறை ஃபைலால் அது முடிந்திருக்காது. குடிமராமத்தை, அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாய், கால்வாயைச் செப்பனிடுவதை, வெள்ளைக்காரன் 1858இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தான், ஊர்க்காரன் மனசு வைக்காமல் அது நடக்கவில்லை. 2017இல் அதே பெயரில் அரசுத் திட்டம் வந்தது. பெயர் மரபு, உள்ளே எஸ்டிமேட்டும் எம்-புக்கும் (வேலையை அளந்து எழுதும் பதிவேடு). 2004 சுனாமிக்குப் பிறகு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள்தான் கணக்கெடுத்து நிவாரணத்தைப் பிரித்துக் கொடுத்தன. அந்த வேகம் எந்தத் தாசில்தாருக்கும் வராது. ஆனால் அந்தப் பட்டியலில் ஆண் இல்லாத வீடுகளும் வேறு சாதிக்காரர்களும் விடுபட்டுப் போனதாகவும் புகார் வந்தது. வேகமும் விடுபட்டதும் ஒரே பட்டியலில்தான் இருந்தன. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிகிற ஊர், யாரை எண்ண வேண்டாம் என்பதையும் தெரிந்தே வைத்திருக்கிறது.

இது தமிழ்நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. நாகாலாந்தில் அரசியல் சட்டத்தின் 371-அ பிரிவு வழக்கச் சட்டத்துக்கே பாதுகாப்பு கொடுக்கிறது. 2017இல் நகர்மன்றங்களில் பெண்களுக்கு 33 சதவீத ஒதுக்கீட்டோடு தேர்தல் நடத்தப் போனபோது, அது எங்கள் பழங்குடி வழக்கத்துக்கு விரோதம் என்று அமைப்புகள் எழுந்தன. திமாப்பூரில் உயிர்ச் சேதம், முதல்வர் ஜெலியாங் பதவி விலகினார். நகர்மன்றம் என்பதே வழக்கத்தில் இல்லாத ஒன்று, அதில் பெண் உட்காருவது மட்டும் எப்படி வழக்க மீறல் ஆகும் என்று அங்கிருந்த பெண்கள் கேட்டார்கள். தேர்தல் நடக்க 2024 ஜூன் ஆகிவிட்டது. ஒதுக்கீட்டோடுதான் நடந்தது. மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து உம்ரானே ஊரில் தலைவர் பதவியைக் கோயிலுக்காக 2 கோடிக்கு மேல் ஏலம் விட்டபோது, 2021 ஜனவரியில் மாநிலத் தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. ஏலம் விட்ட வீடியோ வெளியானதுதான் அங்கே சாட்சி ஆயிற்று. குஜராத்தில் இதற்கு நேர்மாறு. ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிகளுக்கு 'சமரஸ்' என்று அரசே ஊக்கத்தொகை கொடுக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருமனதுக்குப் பரிசு வைத்தால், ஒத்துவராத ஒரு ஆளால் ஊருக்கே நஷ்டம் என்று ஆகிவிடும். அவன் வீட்டு வாசலில் யார் போய் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கே உறுதியில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டி நடந்தால் ஊர் இரண்டுபடும் என்று பெரியவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஒரு தேர்தலுக்குப் பிறகு பத்து வருஷம் ஒரே தெருவில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பங்காளிகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுத்து ஜெயித்தவரும் அந்தப் பணத்தை எடுக்கத்தானே செய்வார், அதற்குக் கோயிலுக்காவது போகட்டுமே என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. என் மனசுக்குப் படுவது இவ்வளவுதான்: பணம் வாங்கின ஆள்கூட மறைப்புக்குள் போய் யாருக்கு வேண்டுமானாலும் குத்திவிட்டு வரலாம். 2019 தேர்தலில் கிராமத்து வாக்காளருக்கு நான்கு சீட்டு கொடுத்தார்கள், தலைவருக்கு இளஞ்சிவப்பு. போட்டியில்லாத ஊரில் அந்த இளஞ்சிவப்புச் சீட்டு கிடையாது. 'சார், எனக்கு ஒரு கலர் குறையுதே' என்று ஒரு பாட்டி பூத்தில் கேட்டதாக, பணியில் இருந்த என் பழைய சகா சொன்னார்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியிலேயே பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்களுக்குத் தலைவர் இல்லாமல் வேலை நடக்கவில்லை என்ற அவசரத்தையும் ஏலப் பேச்சுக்குக் காரணமாகக் காட்டுவார்கள், அதில் மயங்க வேண்டாம். ஏலம் நடந்தால் தேதி, இடம், தொகை, யார் கேட்டது என்பதை எழுதி, தேர்தல் அறிவிப்பு வந்ததும் மாவட்டத் தேர்தல் அலுவலர் என்ற முறையில் கலெக்டருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். மேஜையில் இருப்பவரிடம் வாயால் சொல்வதில் பிரயோஜனம் இல்லை, அவர் கை கட்டப்பட்டது. தலைக்கட்டு வரி வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த தாளைப் பத்திரமாக வையுங்கள். ஊர் விலக்கு நடந்தது என்பதற்கு நான் பார்த்தவரையில் அதைவிட நல்ல காகிதம் கிடைப்பதில்லை. ஒருவராக நிற்காதீர்கள், உங்களோடு வரிசையில் நிற்க இரண்டு வீடாவது சேரட்டும், அதில் ஒன்று பெரியவர்கள் மதிக்கிற வீடாக இருக்கட்டும். மனு போட்டுவிட்டீர்கள் என்றால், வாபஸ் நாளன்று விடிவதற்கு முன் ஊரை விட்டுக் கிளம்பி, தூரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். போனை அணைத்து வைத்துவிட்டு, மூன்று மணி தாண்டிய பிறகு வாருங்கள்.